மூன்று சென்ட் வீட்டுக்கு விதி இல்லையா?

மின்சிக்கனத்தில் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் நாடு முழுவதும் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் இந்தச் சிக்கனம் யார் வாசலோடு நின்றுவிடுகிறது என்பது குடவாசல் வட்டாரத்து ஆதிதிராவிடர் காலனிகளில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுக்குள் வெப்பம் இறங்காதிருக்க சுவர், கூரை, சன்னல் எப்படி அமைய வேண்டும் என்று மத்திய அரசு 2018-இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட்டும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் அது. நமக்குக் கிடைக்கும் இலவச மனைப்பட்டா இரண்டு சென்ட், மூன்று சென்ட். அங்கே விதி கிடையாது. வெயில் மட்டும் உண்டு.

கூரை வீடுதான் குளிர்ச்சி என்று சிலர் நமக்குப் பாடம் நடத்துவார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூரைக் குடிசைக்குள்தான். கான்கிரீட் வீடு நமக்கு மானம், பாதுகாப்பு. அது சுடாத வீடாகவும் இருக்கட்டும் என்றே கேட்கிறோம்.

பகலெல்லாம் நடவு, களை என்று வெயிலில் நின்றவர்கள் இரவில் உறங்க ஃபேனைத்தான் நம்ப வேண்டும். பழைய 75 வாட் ஃபேன் நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 144. 2016 முதல் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டும் சேர்ந்து 58 யூனிட்தான். மிச்சமாகும் 86 யூனிட்டில் 44 குடும்பத்துக்கு, 42 மானியம் தரும் அரசுக்கு. ஆனால் அந்த ஃபேனின் விலை கூடுதல். கூலி வீட்டில் மொத்தமாக எடுத்துவைக்கப் பணம் ஏது? வசதியுள்ளவர் சிக்கனமாகிறார்; இல்லாதவர் பில் கட்டுகிறார்.

வழி இருக்கிறது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் 360 சதுர அடி வீட்டு மதிப்பீட்டிலேயே தளத்துக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சும், காற்று குறுக்கே ஓட எதிரெதிர் சன்னலும் சேர்க்கப்பட வேண்டும். பழைய தொகுப்பு வீடுகளுக்கும் அதே பூச்சு வேண்டும். பழைய ஃபேனை வாங்கிக்கொண்டு புதியதைத் தர வேண்டும். நமக்குரிய நிதியை ஒதுக்கிச் செலவிடத்தான் 2024-இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. அந்த நிதி இதற்கும் வரட்டும்.

குடவாசல் ஒன்றியத்து ஊராட்சிகளில் அடுத்த கிராமசபைக்குப் போகும்போது, நம் தெருவில் தொகுப்பு வீடு எத்தனை, பழைய ஃபேன் எத்தனை என்று எண்ணிக் கையில் எடுத்துப்போவோம். கணக்கோடு கேட்டால் தீர்மானத்தில் எழுதாமல் தட்டிக்கழிப்பது கடினம்.