கைப்பிடி இல்லாத கதவு

சமயம் என்றதும் இறைவனைத் தேடி மனிதன் செல்லும் நெடும்பயணமே பலரின் நினைவுக்கு வருகின்றது. கிறிஸ்தவ வேதாகமத்தை ஊன்றிப் படிப்போர் அங்கே வேறொரு காட்சியைக் காண்பர். அங்கு தேடிப் புறப்படுபவர் இறைவனே, ஒளித்துக்கொள்பவன் மனிதன்.

ஆதியாகமத்தில், ஆணையை மீறிய ஆதாம் மரங்களினிடையே மறைந்து நிற்கின்றான். அவன் இருக்குமிடத்தை வினவிக்கொண்டு இறைவன் சோலைக்குள் வருகின்றார். யாவும் அறிந்தவருக்கு வினா எதற்கு? அஞ்சி ஒளித்தவன் தானே வெளிவந்து பேசவேண்டும் என்பதற்காகவே அன்றோ! அவ்வேட்கையின் முதிர்ச்சியே, இறைவன் மனிதனாய்ப் பிறந்தார் என்னும் கிறிஸ்தவரின் நம்பிக்கை. ‘இம்மானுவேல்’ என்னும் பெயருக்கு ‘இறைவன் நம்மோடு’ என்பதே பொருள்.

லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய மூன்று உவமைகள் உள்ளன. நூறு ஆடுகளில் ஒன்று தவறியபோது, மற்றைத் தொண்ணூற்றொன்பதையும் விட்டு மேய்ப்பன் அதனைத் தேடிச் செல்கின்றான். பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றை இழந்தவள் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகின்றாள். மூன்றாவது உவமையில், சொத்தைப் பிரித்துக்கொண்டு போன இளைய மகனைத் தேடித் தந்தை போகவில்லை. எனினும், மகன் தூரத்தில் வரும்போதே கண்டு, ஓடிச்சென்று கட்டித் தழுவுகின்றான். தந்தையின் அன்பு மேய்ப்பனின் அன்பிற் குறைந்ததோ? அன்று. ஆட்டைத் தோளில் சுமந்து வரலாம். காசைப் பொறுக்கி எடுக்கலாம். மகனோ தன் மனத்தால் திரும்பி வரவேண்டியவன். அவனை இழுத்து வந்திருந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் கூடியிருக்கும், மகன் கிடைத்திருக்கமாட்டான்.

இக்கருத்தையே ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹன்ற் வண்ணத்தில் தீட்டினார். 1851 முதல் 1853 வரை அவர் வரைந்த ‘உலகின் ஒளி’ என்னும் ஓவியம் ஒக்ஸ்போர்ட் கீபிள் கல்லூரியில் உள்ளது. முதுமையில் அவர் வரைந்த அதன் பெரிய வடிவம், கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் காட்டப்பட்டபின், 1908இல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் வைக்கப்பெற்றது. இரவு வேளை, முள்முடி தரித்த கிறிஸ்து, கையில் விளக்கேந்தி, ஒரு கதவைத் தட்டி நிற்கின்றார். கதவின் வெளிப்புறத்திற் கைப்பிடி இல்லை. அது ஓவியரின் மறதியன்று. உள்ளமென்னும் கதவை உள்ளிருப்பவரே திறக்கவேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே அதனை அவர் வரையாது விட்டார்.

இவ்வோவியத்துக்கு மூலமான பகுதி வெளிப்படுத்தின விசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில் வருகின்றது. அங்கே கதவு தட்டப்படுவது நாத்திகரின் வீட்டிலன்று. ‘நாம் செல்வர், நமக்கு ஒரு குறையும் இல்லை’ என்று நினைத்திருந்த லவோதிக்கேயா நகரத்துத் திருச்சபைக்கே அச்சொற்கள் கூறப்பட்டன. வெளியே நிற்பவர் கேட்பது காணிக்கையுமன்று. திறப்பவனோடு கூடியிருந்து உண்ணும் உறவையே அவர் விரும்புகின்றார். வழிபாடு தவறாத இல்லத்திலும் வழிபடப்படுபவர் வாசலுக்கு வெளியே நிற்கக்கூடும் என்பது எத்துணைக் கூரிய எச்சரிக்கை!

ஹன்ற் வரைந்த கதவிற் கொடி படர்ந்துள்ளது, கீல்கள் துருவேறியுள்ளன, வாசலிற் களை மண்டியுள்ளது. பகையினால் அடைத்த கதவு இவ்வாறு ஆவதில்லை. நாளைக்குத் திறப்போம் என்று நாள்தோறும் விட்ட கதவே இவ்வாறு ஆகும்.

நெருங்க விரும்புவதும், அந்நெருக்கத்தை வலிந்து பெற மறுப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே இங்கு காட்டப்படும் இறையன்பு. எல்லாம் வல்லவர் என்று போற்றப்படுபவர் ஒரு மரக்கதவின் முன் காத்து நிற்கின்றார். பிள்ளைகளின் உள்ளத்தை அதிகாரத்தால் திறந்துவிடலாம் என்று எண்ணும் பெற்றோரும், ஆசிரியராகிய எம்மனோரும், அக்காட்சியின் முன் சற்று நின்று சிந்தித்தல் நன்று.