கடன் எடுக்குமுன்

“தங்கச்சி, வீட்டுக் கடனுக்கு எழுதச் சொல்லினம். காணி, காணாமற்போன அவற்றை பேரில கிடக்கு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வரேல்லை” என்றார் ஓர் அக்கா.

சகோதரிகளே, 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதைக் கொண்டு அவரது சொத்தைப் பராமரிக்கலாம். அரச நலன்புரி உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் கடன் வேறு, மானியம் வேறு. இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் கிடைத்த 550,000 ரூபாவைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. தேசிய வீடமைப்பு அதிகார சபையின் கடன் அப்படியல்ல. கூலி வேலை கிடைக்காத மாரியிலும் தவணை வரும். ஆகவே அத்திவாரத்தை அளவாகப் போடுங்கள்.

எல்லாம் கேட்டபின், “இரண்டு அறை காணும்” என்றார் அக்கா. வரும் திங்கட்கிழமை இருவருமாகப் பிரதேச செயலகம் போகிறோம்.