யாருடைய கிறிஸ்துமஸ்?

டிசம்பர் பிறந்ததும் ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, பிள்ளைங்களுக்கு நம்ம வீட்டு கிறிஸ்துமஸ் மாதிரியே செய்யணும்னு ஆசையா இருக்கு. என்னென்ன செய்வோம்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்களேன்" என்றாள். எட்டு வயதில் ஒன்றும் ஐந்து வயதில் ஒன்றுமாக அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

அன்று மாலையே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? ஆனால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. நம்ம வீடு என்றால் எந்த வீடு? சாத்தூரில் என் அம்மா வீடா, நாகர்கோவில் பக்கம் என் மனைவி பிறந்த வீடா, இல்லை கோயம்புத்தூரில் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக் கொண்டாடிய வாடகை வீடா?

முதலில் சாத்தூர். இன்று அந்த ஊர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும்தான் நினைவுக்கு வரும். நான் சிறுவனாக இருந்த 1960களில் பேனா நிப்புக்கும் பேர் போன ஊர் அது. அப்பாவுக்கு நிப்புப் பட்டறையில் வேலை. அம்மாவும் அக்காமாரும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். மேல்பெட்டி, அடிப்பெட்டி என்று தனித்தனியாகக் குவிந்து கிடக்கும். அந்தக் காசில்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் துணி.

ஸ்டார் செய்யவும் அந்தப் பசையேதான். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசை. மூங்கில் சிம்பை அண்ணன் கட்டுவான், கலர் பேப்பர் சிவகாசி அச்சாபீசுக் கழிவில் கிடைத்துவிடும். ஒட்டுவது என் வேலை. உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டால் தெருமுனை வரைக்கும் தெரியும். மழை பெய்தால் போச்சு, மறுநாள் திரும்பவும் ஒட்ட வேண்டும். டிசம்பரில் மழை பெய்யக்கூடாது என்று ஜெபம் செய்தவன் நான். வானம் பார்த்த பூமிக்காரன் செய்கிற ஜெபமா அது?

24ஆம் தேதி ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஆர்மோனியம், டோலக்கோடு பஜனை கிளம்பும். வீட்டுக்கு வீடு கட்டங்காப்பி, கை நிறைய சேவு. நாலாவது வீட்டில் பாட்டு காரத்தோடுதான் வெளியே வரும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆராதனை. முடிந்து வந்ததும் வாசலில் சரவெடி.

பலகாரம் மூன்று நாள் வேலை. அரிசி ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, சலித்து, பாகு காய்ச்சி, அதிரச மாவைப் பானையில் கட்டி வைத்து... அம்மாவோடு பெரியம்மா, சித்தி, இரண்டு அக்காமார், பக்கத்து வீட்டு மதினி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று காலையில் தெருவுக்கெல்லாம் தட்டு போகும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த தட்டுக்குப் பதில் தட்டு. இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் இருக்கிற அத்தை வீட்டுக்குத்தான் முதல் தட்டு. தட்டு வெறுமனே திரும்பாது. ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும்.

இதையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். 1986இல் பேங்க் உத்தியோகம், கல்யாணம் ஆகி இரண்டு வருஷம், கையில் பத்து மாதக் குழந்தை. மனைவி பள்ளிக்கூட டீச்சர். நாங்கள் சி.எஸ்.ஐ., அவள் வீடு ஆர்.சி. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் இல்லை என்பது இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

அதிரசம் வேண்டும் என்றேன். அவள் ஊரில் முந்திரிக்கொத்துதான், அதிரசத்தில் அவ்வளவாகக் கை பழகவில்லை. ஆனாலும் ஸ்கூல் விட்டு வந்து இரண்டு ராத்திரி கண்விழித்துச் செய்தாள். பாகு பதம் தவறிவிட்டது. எண்ணெயில் போட்டதெல்லாம் பிரிந்துபோயிற்று. குழந்தை ஒருபக்கம் அழுகிறது. நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கம்மா செஞ்சா ஒருநாளும் இப்படிப் பிரியாது" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்கம்மாகூட அஞ்சு பேரு இருந்தாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. என்கூட யாரு இருக்கா?" என்றாள்.

நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பாரம்பரியம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. ஆறு பேர் சுமந்ததை ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, நான் ஸ்டாருக்குக் கீழே நின்று சாத்தூரை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்த மூன்று நாளையும் சந்தோஷமாகச் செய்தாளா என்று அவளிடமும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அவளுக்கும் ஒரு சின்ன வயது கிறிஸ்துமஸ் உண்டு என்பது அந்த இரண்டு வருஷமும் எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் வீட்டில் குடில்தான் பிரதானம். டிசம்பர் நடுவிலேயே தட்டில் கேழ்வரகை விதைத்துப் புல் வளர்ப்பார்கள். மண் ஆடுகள், இடையர், மாதா, சூசையப்பர் எல்லாம் வந்துவிடுவார்கள். தீவனத்தொட்டி மட்டும் காலியாக இருக்கும். நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் குழந்தை இயேசுவை அதில் வைக்க வேண்டும். அந்தக் காலித் தொட்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் பண்டிகைக்குக் காத்திருந்தோம் என்று அவள் சொன்னபோது, எங்கள் வீட்டில் இப்படி ஒன்று இல்லாமல் போயிற்றே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் குடிலும் வைத்தோம், ஸ்டாரும் கட்டினோம். அவளோடு நடுராத்திரிப் பூசை, என்னோடு ஐந்து மணி ஆராதனை. 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணிக்கு முன்னாலேயே மூன்று பேரும் தூங்கிவிட்டோம். அதிரசத்தைக் கடையில் வாங்கினேன், முறுக்கு மட்டும் வீட்டில். அச்சைப் பிழிந்தது நான். முதல் ஈடு கோணல்மாணலாகத்தான் வந்தது.

பழையதை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எது பழையது? 1854இல் வட திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியில் இறந்துபோன ராக்லண்ட் ஐயர், அதிரசத்தோடு கிறிஸ்துமஸ் கொண்டாடலாம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். தீபாவளி, பொங்கல் பார்த்த கைகள்தான் அதைப் பண்டிகைக்குள் கொண்டுவந்தன. ராகம் தாளத்தோடு நம் ஊர்ப் பஜனைகளில் பாட, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கீர்த்தனை எழுதி வைத்தார்கள். கேக் எங்கள் தெருவுக்கு நான் காலேஜ் போன பிறகுதான் வந்தது. அம்மா வீட்டு கிறிஸ்துமஸும் யாரோ ஒரு சின்னக் குடும்பம் தனக்குத் தோதாகச் சேர்த்தும் கழித்தும் வைத்ததுதான். எனக்கு அது ஆதியிலிருந்தே இருந்ததுபோலத் தெரிந்தது, அவ்வளவே.

பட்டாசைப் பற்றி மட்டும் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் கிறிஸ்துமஸுக்கு ராத்திரி 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் குறித்தார்கள். நடுராத்திரிப் பூசைக்காரர்களுக்கு அது சரிதான், விடியற்காலை ஆராதனை முடிந்து வெடிக்கிற எங்களை யாரும் நினைக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். சரவெடிக்கும் தடை வந்தது. ஆனால் 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது சிரிப்பு வரவில்லை. பட்டாசு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அதனால்தான் உலை கொதிக்கிறது. வேண்டும் என்று சொல்லவும் முன்னைப்போல முடியவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே மகளுக்கு லிஸ்ட் அனுப்பவில்லை, ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்தும் எல்லாவற்றையும் எடுக்காதே. மாப்பிள்ளை வீட்டிலும் ஏதாவது இருக்கும், முதலில் அவரிடம் கேள். உன் ஒருத்தி முதுகு ஒடியும் என்றால் அது எதுவாக இருந்தாலும் விட்டுவிடு, அதிரசமானாலும் சரி. பிள்ளைகள் கையால் செய்ய முடிகிறதில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள். எல்.இ.டி. ஸ்டார் வாங்குவது தப்பில்லை, ஆனால் அதில் பிள்ளைக்குச் செய்ய ஸ்விட்ச் போடுவதைத் தவிர என்ன இருக்கிறது? தட்டை மட்டும் விடாதே. அப்பார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரர் முகமே தெரியாது என்பாய். அதற்குத்தான் சொல்கிறேன். பேக்கரி கேக்கானாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பு.

கடிதத்தை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "கேழ்வரகை எப்ப விதைக்கணும்னு எழுதலையே" என்றாள். எழுதினேன். பத்தாம் தேதிக்குள் விதைக்க வேண்டும், தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக்கூடாது.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. எவர்சில்வர் தட்டில் விரல் உயரத்துக்குப் பச்சை. பால்கனியில் பேரன் ஒட்டிய ஸ்டார், ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. எதில் ஒட்டினான் என்று கேட்டேன். பெவிகாலாம். பசை காய்ச்சச் சொல்லிக் கொடுக்க 23ஆம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்.