ஓடும் வாகனங்களிலிருந்து பெண்களை நோக்கி ஆபாசமாகக் கத்துவதை முறைப்பாடாகப் பதிவு செய்யக் கோரும் மனு

வீதியோரம் நடந்து செல்லும் பெண்களை நோக்கி வாகனத்தில் போகிறவர்கள் ஆபாசமாகக் கத்துவதும், ஹோர்ன் அடித்தபடி பக்கத்தில் மெதுவாக உருட்டிச் செல்வதும் செட்டிபாளையத்தில் ஏ-4 வீதியில் வழமையாகிவிட்டன. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஊர்களைக் கல்முனையோடும் மட்டக்களப்போடும் இணைக்கும் பிரதான வீதி இதுவே. ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளும், விடியலில் நடைப்பயிற்சி செய்வோரும், வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயில் போகும் பெண்களும் இவ்வீதியைத் தவிர்க்க முடியாது.

இம்மனுவை அளிப்பது இவ்வீதியில் அன்றாடம் நடக்கும் பெண்களின் ஊர்ச் சங்கம்.

இதே விடயம் சங்கத்தின் முன்னைய கடிதங்களிலும் எழுதப்பட்டது. வாகனம் சில நொடிகளில் கடந்துவிடும், இருட்டில் இலக்கத் தகடு தெரியாது, திடுக்கிட்டு வீதிக்குள் கால் வைக்கும் பிள்ளை பின்னால் வரும் வாகனத்தில் அடிபடலாம் என்பவை அவற்றில் விரிவாகக் கூறப்பட்டன. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கச் சென்றவர்களுக்குக் கிடைத்த பதில்கள் இரண்டு: "ஆளைத் தொடவில்லையே", "முழு இலக்கத்தோடு வாருங்கள்". இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பலாத்காரத்தால் செய்யப்படும் பாலியல் தொந்தரவை மட்டும் குற்றமாக்கவில்லை. சொல்லாலோ செயலாலோ இன்னொருவருக்குப் பாலியல் ரீதியான தொல்லை கொடுப்பதும் அதே பிரிவின் கீழ் அதே குற்றம். தண்டனை 5 ஆண்டு வரையான சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்பிரிவில் இல்லை. கத்தியவர் நின்ற நிலையில் இருந்தாரா, ஓடும் வானில் இருந்தாரா என்றும் அது பார்க்கவில்லை. வீதியில் எழும் எல்லாக் கூச்சலும் இதில் அடங்கும் என்று சங்கம் வாதிடவில்லை. பெண்ணின் உடலைக் குறித்து எறியப்படும் சொற்கள் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

முழு இலக்கம் இல்லாமல் சந்தேகநபரைக் கண்டுபிடிப்பது கடினம்தான். ஆனால் கண்டுபிடிப்பது விசாரணையின் வேலை. முறைப்பாட்டை ஏற்பதற்கு அது முன்நிபந்தனை ஆகாது. வாகனத்தின் நிறம், வகை, இலக்கத்தின் கடைசி இரு எண்கள், நேரம் ஆகியவை பதியப்பட்டால், அதே வாகனம் மறுபடி வரும்போது இரண்டு பதிவுகளும் பொருந்தும். பதியாமல் திருப்பி அனுப்பினால் ஒவ்வொரு சம்பவமும் முதலாவது சம்பவமாகவே இருக்கும். பஸ்களிலும் புகையிரதங்களிலும் நடக்கும் பாலியல் தொந்தரவு குறித்து ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், 90 சதவீதமான பெண்கள் அதற்கு ஆளானதாகவும், 4 சதவீதமானோரே பொலிஸ் உதவியை நாடியதாகவும் தெரியவந்தது. திருப்பி அனுப்பப்படுவோம் என்று தெரிந்த இடத்துக்கு யாரும் போவதில்லை.

ஆகவே முதற் கோரிக்கை: இலக்கம் முழுமையாகக் கிடைக்காவிட்டாலும், இத்தகைய ஒவ்வொரு முறைப்பாட்டையும் 345ஆம் பிரிவைக் குறிப்பிட்டுத் தமிழில் பதிவு செய்து, பதிவிலக்கத்தை முறைப்பாட்டாளரிடம் கொடுக்குமாறு எழுத்து மூலம் பணிப்புரை வழங்கப்பட வேண்டும்.

ஏனைய கோரிக்கைகள்: எரியாத வீதி விளக்குகள் திருத்தப்பட வேண்டும். நடைபாதையை மறைக்கும் பற்றைகள் வெட்டப்பட வேண்டும். பெண்களுக்கான 1938 உதவி இலக்கம் பஸ் தரிப்பிடங்களில் காட்சிப்படுத்தப்பட வேண்டும். மாலை வகுப்புகள் முடியும் நேரத்தில் பொலிஸ் ரோந்து வேண்டும்.

முன்னைய கடிதங்களுக்கும் சேர்த்து இம்மனுவுக்கு எழுத்தில் பதில் தருமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. முதற் கோரிக்கையை விட்டுவிட்டு விளக்குகளை மட்டும் திருத்துவது தீர்வாக ஏற்கப்படாது.