65 வாட் என்னும் அரை உண்மை

சிறு பெட்டிக்குள் தாமே கணனி பொருத்துவோர் முதலில் ஐயுற வேண்டியது, புரோசசரின் பெயரோடு வரும் வாட் கணக்கையே. 2023 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ9-13900ஐ ‘65 வாட்’ புரோசசர் என்றே சந்தை அழைக்கிறது. அது அடிப்படை மின்வலு மட்டுமே. உச்ச மின்வலு 219 வாட் என அந்நிறுவனத்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. 65ஐ நம்பிச் சிறு விசிறியைப் பொருத்தியவர், மும்மடங்குக்கும் மேலான வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? சூடு எல்லையைத் தொட்டதும் புரோசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பாழ், மிஞ்சுவது இரைச்சல்.

பயோஸில் மின்வலு வரம்பைத் தாழ்த்தலாமே என்பர் சிலர். தாழ்த்தலாம், தாழ்த்தவும் வேண்டும். ஆனால் தாய்ப்பலகைத் தயாரிப்பாளர் பலர் அவ்வரம்பைத் தளர்த்தியே விற்கையில், பொறுப்பு மட்டும் வாங்குபவர் தலையில் விழுவது எவ்வகை நியாயம்? உச்ச எண்ணையும் பெட்டியின் முகப்பில் அச்சிடுங்கள். வரம்போடு விற்றுவிட்டு, அதை நீக்கும் உரிமையை எங்களிடம் விடுங்கள்.