பத்திரிகை வடிவில் வரும் வைரஸ்

முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வருவது இப்போது யாருக்கும் மரியாதைக் குறைவாகப் படுவதில்லை. ‘இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வரி போதும், மனது சமாதானமாகிவிடுகிறது. அந்த நம்பிக்கையில்தான் திருடர்கள் கை வைத்திருக்கிறார்கள். பத்திரிகை என்ற பெயரில் வரும் ஃபைலைத் திறக்க வேண்டாம் என்று இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸார் 2024 நவம்பரிலேயே எச்சரித்தார்கள். போக்குவரத்து அபராதச் சலான், வங்கியின் கேஒய்சி என்று வேறு வேஷங்களிலும் அதே சரக்கு வருகிறது.

ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து ஒட்டியிருக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை நிறுவுவதற்கான ஃபைல் அது. தொட்டதும் போன் தடுக்கிறது. இங்கிருந்து வரும் செயலியை நிறுவ அனுமதியில்லை என்கிறது. ஆனால், செட்டிங்ஸுக்குப் போகும் வழியும் அதே பெட்டியில் இருக்கிறது. அங்கே ஒரு பொத்தானைத் தள்ளினால் தடை நீங்கிவிடும். அடுத்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ் என்று அந்த நேரத்தில் தோன்றுவதில்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கும் ஆவலில் விரல் ‘அலவ்’ மேல் போய்விடுகிறது. சில செயலிகள் நிறுவியவுடன் தங்கள் ஐகானையே மறைத்துக்கொள்ளும். அதன் பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி திருடனுக்கும் போகிறது. பல நேரங்களில் வாட்ஸ்அப் கணக்கும் பறிபோய், அதே பத்திரிகை நம் பெயரிலேயே சித்தப்பாவுக்கும் சம்பந்திக்கும் போகிறது.

முன்பின் தெரியாதவர் அனுப்புவதைத் திறக்காதீர்கள் என்ற பழைய அறிவுரை இங்கே செல்லாது. அனுப்புவது தெரிந்தவரின் எண். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் இப்படித்தான் நண்பர்களின் மின்னஞ்சல் முகவரிகளிலிருந்து வந்தது. வெறும் எழுத்துக் கோப்பு போலத் தெரிந்த அதன் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. ஆகவே, அனுப்பியவர் யார் என்பதோடு நிறுத்தாமல், வந்தது என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். படமோ பிடிஎஃப்போ வீடியோவோ எதையும் நிறுவச் சொல்லாது. நிறுவச் சொன்னால், அந்த உறவினருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். கல்யாண வீட்டில் விசாரித்ததாகவும் இருக்கும். பிளே ஸ்டோரிலும் எப்போதாவது போலிகள் நுழைவதுண்டு. ஆனாலும் அதற்கு வெளியே எதையும் நிறுவுவதில்லை என்ற ஒரே பழக்கம் இந்த வகைத் திருட்டில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களின் போனை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பலருடையது ஆங்கிலத்திலேயே இருக்கும். எச்சரிக்கை வந்தும் அவர்களுக்கு அது எச்சரிக்கையாகத் தெரிவதில்லை. மொழியைத் தமிழுக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆகுமா?

கணினியின் கதை வேறு. அங்கே பெரிய எதிரி நம் ஒத்திப்போடும் குணம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, பிணைத்தொகை கேட்கும் ‘வான்னகிரை’ வைரஸ் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே அடைத்திருந்தது. அப்டேட் செய்யாதவர்களின் கணினிகள்தான் விழுந்தன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறிய ஆடிட்டர் அலுவலகங்களிலும் அதைவிடப் பழைய விண்டோஸ்கூட இன்னும் ஓடுகிறது. பல இடங்களில் அது உரிமம் வாங்காமல் ‘கிராக்’ போட்டதும்கூட. கிராக்கை நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள் என்று கூடவே குறிப்பு வரும். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வது அது. ஊரார் பென்டிரைவ் எல்லாம் நாள் முழுக்க வந்து போகும் ஒரு கணினியிலிருந்து வைரஸ் எவ்வளவு தூரம் பரவும் என்று யோசிக்க வேண்டும்.

கணக்கு வழக்கை வைத்திருப்பவர்களுக்கு பேக்கப் கட்டாயம். அதை எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது அதைவிடக் கட்டாயம். பிணைத்தொகை கேட்கும் வைரஸ், கணினியோடு இணைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இத்தனையும் தனிமனிதர் பொறுப்பு என்று சொல்லி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இணைப்பைத் தொடாதீர்கள் என்று விளம்பரம் செய்யும் வங்கிகள்தான், கடன் வேண்டுமா என்று இணைப்போடு எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. தொடும் பழக்கத்தை ஏற்படுத்தியதில் அவற்றுக்கும் பங்குண்டு. வங்கிகளின் இணைய முகவரிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் வாடிக்கையாளர்களில் எத்தனை பேரிடம் அதை வங்கிகள் எடுத்துச் சொல்லியிருக்கின்றன? கிளையில் பாஸ்புக் போடும் இடத்தில், தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டினாலே பலரிடம் போய்ச் சேரும்.

பணம் போன பிறகு நடப்பது இன்னும் வேதனையானது. ‘உனக்கு யார் இதையெல்லாம் தொடச் சொன்னது’ என்று பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயத்தில் அம்மாக்கள் வாயே திறப்பதில்லை. போகிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உடனே போனின் இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் பணம் போயிருந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. அலட்சியம் அவருடையது என்றாகிவிட்டால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் அவர் தலையில். தம்பி எண்ணிலிருந்து வந்த பத்திரிகையைத் திறந்த ஒரு பெண்மணியை அலட்சியக்காரர் என்று எழுதும் உரிமையை வங்கியிடமே விட்டுவைக்கக் கூடாது. அலட்சியம் எது என்பதற்கான வரையறையை ரிசர்வ் வங்கிதான் இந்த வகை மோசடிகளைக் கணக்கில் கொண்டு தெளிவாக எழுத வேண்டும்.