“வயசானா அப்படித்தான்” என்று சொல்லாதீர்கள்

இது கோபத்தில் எழுதும் பதிவு. பொறுத்துக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் 72 வயதுப் பெரியவர் காலை 5.30 மணிக்கு வாய் குழறிப் பேசியிருக்கிறார். “தூக்கக் கலக்கம், வயசானா அப்படித்தான்” என்று வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மணி 11.30. இன்று அவருக்கு வலது கை தூக்க வரவில்லை.

பக்கவாதம் எந்நேரமும் வரலாம். ஆனால் காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரை அதிகம் வருகிறது. நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. (அது செல்லுக்குள் ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2017இல் மூவருக்கு நோபல் பரிசு.) விடியற்காலையில் அது ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ரத்தம் உறையும் தன்மையும் அப்போது கூடுகிறது. வயதானால் இந்தக் கடிகாரம் முந்தி ஓடும். பெரியவர்கள் 8.30க்கே படுத்து 4 மணிக்கு விழித்துக்கொள்கிறார்கள். போனைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் தூங்கிய பிள்ளைகள் எழுவது 7.30க்கு. அந்த இடைவெளியில் அவர்களை யார் பார்க்கிறீர்கள்?

55 வயதுக்குமேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படியென்றால் வயதைக் காட்டித்தானே அலறியடித்து ஓட வேண்டும்? நீங்களோ அதே வயதைக் காட்டிப் போர்வை போர்த்துகிறீர்கள்!

வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” அதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும்.

பிழைத்து வந்தவரை நடத்தும் விதமும் சரியில்லை. ஹாலில் கட்டில், தலைக்குமேல் டியூப் லைட், இரவு 11 வரை சீரியல். பகலில் பிசியோதெரபியில் பழகிய அசைவை மூளை பதிய வைத்துக்கொள்ளத் தூக்கம் வேண்டாமா? பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழிக்காதே என்று உங்களுக்கெல்லாம் சொன்னேனே, அதே பாடம்தான். காலையில் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். இரவில் விளக்கை அணையுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. காலையில் பூப்படம் போட்டு ‘குட்மார்னிங்’ அனுப்புவதை விட்டுவிட்டு, போன் போட்டு அப்பா அம்மாவை இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேளுங்கள்.